பழைய உதிரிகளில் ஓடிய டெல்டா

ஒரு சைக்கிளைக் கடையில் புதிதாக வாங்காமலேயே சொந்தமாக்கிக்கொள்ள முடியுமா? தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் பலர் அப்படித்தான் சைக்கிளுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு ஃப்ரேம், வாடகை சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட இரண்டு சக்கரம், யாரோ விற்றுவிட்டுப் போன ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றாகச் சேரும். தை மாதம் அறுவடைக் கூலி கையில் வந்ததும் புது டயரும் செயினும் போட்டால் வண்டி தயார்!

இப்படி வண்டி சேர்த்தவர் சேர்க்கும்போதே வண்டியின் உள்விவரம் முழுவதையும் கற்றுக்கொண்டார். இந்தப் பழக்கம் ஏன் வந்தது, அது எப்படி ஒரு தொழிற்கல்வியாக ஆனது, அந்தக் கல்வி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதைப் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் வண்டி

இன்று நாம் பார்க்கும் சைக்கிளின் உருவம் 1885இல் பிறந்தது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற வண்டியைச் செய்தார். அதற்கு முன் இருந்த வண்டிகளில் முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும்; விழுந்தால் மண்டை உடையும். ரோவரில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, மிதிக்கும் விசை செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகும். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சைக்கிள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது.

ராலே, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், ஹம்பர் போன்ற ஆங்கிலேய வண்டிகள் முதலில் வெள்ளைக்காரர்களிடமும், பிறகு வக்கீல், ஆசிரியர், அரசு ஊழியர், மிராசுதார் வீடுகளிலும் நுழைந்தன. 1930களில் விலை குறைந்த ஜப்பான் வண்டிகளும் சந்தைக்கு வந்தன.

டெல்டா சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். மலை கிடையாது, மேடு கிடையாது. கல்லணையிலிருந்து கடற்கரை வரை நிலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் சரிகிறது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எங்கு பார்த்தாலும் ஆறு. ஆற்றுக்கு இரு பக்கமும் கரை. மாட்டு வண்டி போக முடியாத வரப்பு ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் சைக்கிள் போகும். 1934இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமும் பாசனம் விரிந்தது. கரைகளும் கூடின.

ஆனால் ஒரு கூலி விவசாயிக்குப் புது சைக்கிளின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதி சுருங்கியதும் பணம் உள்ளவருக்கே புது வண்டி கிடைப்பது கடினமாயிற்று. ஓடுகிற வண்டியை ஓட வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

அம்பத்தூரும் லூதியானாவும்

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951இல் சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளிவரத் தொடங்கின. அதே 1951இல் வடக்கே சோனிபட்டில் அட்லஸ் தொடங்கப்பட்டது. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே இருந்தது.

இவற்றில் சுவாரசியமான கதை ஹீரோவுடையது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள கமாலியா என்ற ஊரிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் லூதியானாவில் முதலில் சைக்கிள் செய்யவில்லை, உதிரிப் பாகங்களைத்தான் விற்றார்கள். பிறகு ஃபோர்க், ஹேண்டில்பார் என்று ஒவ்வொரு பாகமாகச் செய்யக் கற்றுக்கொண்டு, 1956இல் ஆண்டுக்கு 7,500 சைக்கிள் செய்ய உரிமம் வாங்கினார்கள். அதே நிறுவனம் 1986இல் உலகிலேயே மிக அதிக சைக்கிள் தயாரிக்கும் நிறுவனமாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. உதிரியில் தொடங்கி முழு வண்டிக்குப் போவது என்ற டெல்டாக்காரரின் வழியில்தான் ஹீரோவும் வளர்ந்தது என்று சொல்லலாம்!

1950-51இல் இந்தியாவில் தயாரான சைக்கிள்கள் சுமார் ஒரு லட்சம். பத்தே ஆண்டுகளில், 1960-61இல், அது 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எண்ணிக்கையைவிட முக்கியமான விஷயம் வேறு. இந்தத் தொழிற்சாலைகள் எல்லாமே ஒரே ஆங்கிலேய மாதிரியைத்தான் பின்பற்றின. 28 அங்குலச் சக்கரம், முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40, கம்பி பிரேக், காட்டர் பின் வைத்த கிராங்க், அரை அங்குல இடைவெளி உள்ள செயின் என்று எல்லாம் ஒன்றே. பல பத்தாண்டுகளுக்கு இந்த அளவுகள் பெரிதாக மாறவில்லை. இதனால் ஹெர்குலிஸ் ஃப்ரேமில் அட்லஸ் சக்கரம் உட்காரும். ஹீரோ கிராங்கில் லூதியானாவின் பெயர் தெரியாத பட்டறையில் செய்த பெடல் மாட்டும். மாடல் மாறவில்லையே என்று நகரத்துக்காரர்கள் குறைப்பட்டிருக்கலாம். கிராமத்துக்கு அதுவே வரமாயிற்று. வண்டி செத்தாலும் அதன் பாகங்கள் சாகவில்லை.

வாடகைக் கடையின் கணக்கு

டெல்டாவில் இந்தப் பாகங்கள் வந்து சேர்ந்த இடம் வாடகை சைக்கிள் கடை. கீற்றுக் கொட்டகை, வாசலில் வரிசையாக வண்டிகள், ஒவ்வொரு மட்கார்டிலும் பெயிண்டில் எழுதிய எண், பெயரும் நேரமும் எழுத ஒரு நீள நோட்டு... இவ்வளவுதான் கடை.

இதில் ஒரு நல்ல வணிகக் கணக்கு ஒளிந்திருக்கிறது. வாடகை மணிக்கு அரை ரூபாய், ஒரு வண்டி நாளைக்கு 6 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் வரும்படி 3 ரூபாய். 300 ரூபாய்க்கு வாங்கிய வண்டி 100 நாளில் போட்ட முதலை எடுத்துவிடும். ஆனால் வண்டி ரிப்பேராகி ஒரு நாள் நின்றால் 3 ரூபாய் நஷ்டம். உதிரி வாங்க டவுனுக்குப் போனால் இன்னொரு நாள் போய்விடும். எனவே ஓட முடியாத வண்டியைக் கடைக்காரர் விற்றுவிடாமல், பிரித்து டப்பாக்களில் போட்டு வைப்பார். ஒரு கிழ வண்டி ஐந்து வண்டிகளுக்கு உயிர் கொடுக்கும்.

வேலைக்கு ஒரு பையன் இருப்பான். அவனுக்குப் பாடப்புத்தகம் கிடையாது, சம்பளமும் பல இடங்களில் டீ, பன்னோடு சரி. இதைக் குருகுலம் என்று புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பல சிறுவர்கள் அங்கே கிரீஸ் கையோடு நின்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் கற்றுக்கொண்ட தொழில் கையில் நின்றது. இன்று டெல்டா ஊர்களில் டூவீலர் மெக்கானிக், பம்பு செட் மெக்கானிக் என்று இருப்பவர்களில் முதல் ஸ்பேனரை சைக்கிள் கடையில் பிடித்தவர்கள் உண்டு.

உலக வரலாற்றிலும் இதே கதைதான். ரைட் சகோதரர்கள் 1892இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்தார்கள், 1903இல் விமானத்தில் பறந்தார்கள். ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா 1946இல் ராணுவம் கழித்த சிறிய இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் பொருத்தி விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார். அதுவும் ஒரு பழைய உதிரிதானே!

கடைப் பையனின் பாடத்திட்டம்

கடையில் பாடம் ஒரு வரிசையில்தான் நடக்கும். முதலில் காற்றடிப்பது, பிறகு பஞ்சர். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது காயும் வரை பொறுத்து ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் அரை மைலில் பெயர்ந்துவிடும்.

அடுத்தது 'ஓவராயில்'. ஆங்கிலத்தின் ஓவர்ஹால் என்ற சொல்தான் எண்ணெயோடு சேர்ந்து இப்படித் தமிழாகிவிட்டது. வண்டியை முழுவதும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டுவது. டெல்டாவில் இதற்கு அவசியம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும். சேற்றுத் தண்ணீர் பால்ரஸ்ஸுக்குள் இறங்கும். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு, பின் ஹப்பில் 9, பெடல் அச்சில் 11 என்ற எண்ணிக்கையைப் பையன் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்வான். ஒன்று குறைந்தால் சக்கரம் ஆடும். ஒன்று கூடினால் சுற்றாது.

இடது பெடல் எதிர்ப்பக்கம்தான் கழலும் என்பது புதுப் பையன் முதல் வாரத்தில் கஷ்டப்பட்டுக் கற்கும் பாடம். மிதிக்க மிதிக்க இடது பெடல் தானாகக் கழன்று விழாமல் இருக்கத்தான் அந்த மரை மாற்றி வெட்டப்பட்டிருக்கிறது.

கடைசிப் பாடம் சக்கரத்தின் கோட்டம் எடுப்பது. ரிம் வலப்பக்கம் கோணியிருந்தால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். கோட்டம் எடுக்கத் தெரிந்தவன் பையன் இல்லை, மெக்கானிக்!

இவற்றோடு யாரும் தனியாகச் சொல்லித் தராத ஒரு பாடமும் சேர்ந்து வந்தது: எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? வணிகவியலில் இயந்திரத்துக்குத் தேய்மானம் போடும்போது மொத்த இயந்திரத்துக்கும் ஒரே சதவீதம் போட்டுவிடுவோம். சைக்கிள் கடையில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தேய்மானம். ஃப்ரேம் முறியாமல் துருப்பிடிக்காமல் இருந்தால் தலைமுறை தாண்டும். ஹேண்டில்பார், கேரியர், ஸ்டாண்டு, ஹப் இவற்றைத் தைரியமாகப் பழையதாக வாங்கலாம். கோனில் குழி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தால் போதும்.

ஆனால் பிரேக் கட்டை, டியூப், காட்டர் பின் இவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். செயினை அளந்துதான் வாங்க வேண்டும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வரும். அதுவே 12 அங்குலத்துக்கு மேல் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம், நீண்டிருந்தால் அந்தச் செயின் செத்தது. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று அதை மாட்டினால் நல்ல ஃப்ரீவீலின் பல்லையும் தின்றுவிடும். மலிவு எது, நஷ்டம் எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு இது.

வண்டியை மேம்படுத்துவதும் இந்த அறிவில்தான் நடந்தது. 44 பல் செயின் வீலும் 18 பல் ஃப்ரீவீலும் உள்ள வண்டி, பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 5.4 மீட்டர் ஓடும். அதில் பழைய 20 பல் ஃப்ரீவீல் ஒன்றைத் தேடி மாட்டினால் 4.8 மீட்டர்தான் ஓடும், ஆனால் மிதிப்பது லேசாகும். கேரியரில் நெல் மூட்டை ஏற்றுகிறவருக்கு வேகத்தைவிட அதுதானே தேவை? கூடவே கனமான கேரியர், தடித்த போக்ஸ் கம்பி, முன் ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் தாங்கு கம்பி என்று போட்டுவிட்டால், பள்ளிக்கூட வண்டி சுமை வண்டியாகிவிடும்.

யாருக்கு வண்டி?

இந்தக் கதையின் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. சைக்கிள் வாங்குவதற்குப் பணம் மட்டும் தடையாக இருக்கவில்லை. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தலித் மக்கள் ஆதிக்கச் சாதியினரின் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பழைய பாகங்களைச் சேர்த்து, தானே பூட்டிய வண்டியிலும் ஏறி உட்கார ஒருவர் போராட வேண்டியிருந்தது.

இன்னொரு தடை பெண்களுக்கு. இது உடைந்த இடம் தஞ்சைக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டை. 1974இல் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவாக்கிய மாவட்டம் அது. கல்லணைக் கால்வாயின் கடைமடையும் அங்கேதான் இருக்கிறது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லித்தர வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ்ஸையும் அண்ணன் தம்பிகளையும் நம்பி இருக்க முடியாதல்லவா? சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். குறுகிய காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரையின் இந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி.யின் 8ஆம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பெண்கள் வண்டி போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! ஆக, பழைய ஆண்கள் வண்டி பெண்களின் வண்டியாகவும் ஆனது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டுவது பெண்களுக்கு வந்தது. ஸ்பேனர் அவ்வளவாக வரவில்லை. சைக்கிள் கடையில் வேலை செய்யும் பெண்ணை இன்றும் அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. வண்டி அவளுடையது, அதைக் கழற்றிப் பூட்டும் அறிவு இன்னொருவருடையது.

கடலுக்கு அந்தப் பக்கம்

இந்த அறிவு எவ்வளவு முக்கியம் என்பது நெருக்கடியில்தான் தெரியும். வேதாரண்யத்துக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள யாழ்ப்பாணத்தில் 1990களின் முதல் பாதியில் பொருளாதாரத் தடை நிலவியது. பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. அங்கே துவிச்சக்கர வண்டி என்று சொல்லப்படும் சைக்கிள்தான் எல்லாவற்றையும் சுமந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டார்கள். புதுப்பொருள் வராத இடத்தில் பழைய உதிரியும் அதைப் பற்றிய அறிவும்தான் கைகொடுத்தன.

இலவச சைக்கிளும் இறுகாத நட்டும்

2001-02இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06இல் இத்திட்டம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லாப் பிரிவு பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் விரிந்தது. சைக்கிளுக்காக ஒருவர் வருடக்கணக்கில் உதிரி சேர்க்க வேண்டிய காலம் முடிந்தது. இது சாதாரண மாற்றம் அல்ல.

இந்த வண்டிகள் உதிரிகளாக லாரியில் வந்து இறங்கும். பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து ஆட்கள் அவசர அவசரமாகப் பூட்டுவார்கள். வாங்கிய கையோடு ஊர் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் நட்டுகளை இறுக்கி, கோட்டம் எடுத்து, கேரியரும் பெல்லும் மாற்றிக்கொள்வது பல மாணவர்களின் முதல் வேலை. மலிவு வண்டியைப் பழைய உதிரியால் நல்ல வண்டியாக்கும் டெல்டாப் பழக்கம் இங்கே மீண்டும் உயிர் பெற்றது.

ஆனால் சொல்லித்தரக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்திடம் சைக்கிள் இருந்தது, 21 சதவீதத்திடம் மோட்டார் பைக்கோ ஸ்கூட்டரோ இருந்தது. கடனில் டூவீலர் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள் மூடப்பட்டன. 2020 ஜூன் 3 அன்று அட்லஸ் தன் சாஹிபாபாத் தொழிற்சாலையில் வேலையை நிறுத்தியது. அன்றுதான் உலக சைக்கிள் தினம்!

புதிய சைக்கிள்களும் பழையவை போல இல்லை. சக்கரம் 26, 27.5, 29 அங்குலம் என்று பல அளவு. டிஸ்க் பிரேக், கியர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உதிரி. ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேர்வது குறைந்துவிட்டது. பழுதானால் கழற்றிப் பார்ப்பதற்குப் பதிலாக மொத்தமாக மாற்றிவிடுகிறோம். அப்படி மாற்றும் செலவு, புதிது வாங்கப் பணம் இல்லாதவரைத்தான் அதிகம் உறுத்தும்.

ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில் இப்போது 'பழுது பார்க்கும் உரிமை' என்று சட்டங்கள் வருகின்றன. டெல்டாவின் கீற்றுக் கொட்டகையில் அந்த உரிமை சட்டம் இல்லாமலேயே இருந்தது. உள்ளே நுழைய எல்லோருக்கும் அனுமதி இல்லை என்பதுதான் அதன் குறை. இன்று அரசுப் பள்ளி மைதானத்தில் உதிரியாக வந்து இறங்கும் அந்த சைக்கிள்களைப் பூட்டும் வேலையை, ஒரு மெக்கானிக்கை ஆசிரியராக வைத்து, வாங்கப்போகும் மாணவ மாணவிகளிடமே கொடுத்துப் பார்த்தால் என்ன? இரண்டு சனிக்கிழமை போதும். வண்டியும் கிடைக்கும், முன்பு பலருக்குக் கிடைக்காத ஸ்பேனரும் கையில் வரும்.